விழும்வரை நிற்க வைத்த மேசை

2023ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் திகதி லண்டனில் வெயில் 30 பாகையைத் தொட்டது. மன்னரின் பிறந்தநாள் அணிவகுப்புக்கான ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. சிவப்புக் கம்பளிச் சட்டை போட்டு, தலையில் கரடித்தோல் தொப்பி வைத்து, காவற்படை வீரர்கள் அசையாமல் நின்றார்கள். இளவரசர் வில்லியம் குதிரையில் இருந்தபடி பார்வையிட்டுக்கொண்டிருக்கையில் வரிசையில் நின்றவர்களில் சிலர் மயங்கி விழுந்தார்கள். துரொம்போன் வாசித்த ஒருவர் விழுந்தார், எழுந்தார், மறுபடியும் வாசிக்கப் பார்த்தார். அந்தக் காணொளி உங்கள் கைபேசிக்கும் வந்திருக்கும். கீழே எத்தனை சிரிப்பு முகங்கள் போட்டிருந்தார்கள் என்பதையும் பார்த்திருப்பீர்கள்.

சிரிப்பை விட்டுவிட்டு ஒரு கேள்வியைக் கேட்டுப்பாருங்கள். இவர்கள் இராணுவத்தினர். பல மைல் ஓடுவார்கள், முதுகில் சுமையோடு மலை ஏறுவார்கள். ஓடும்போது விழாதவர்கள், சும்மா நிற்கும்போது ஏன் விழுகிறார்கள்?

இந்தக் கேள்விக்கு விடை தேடப் போனவர்கள் கடைசியில் ஒரு மேசையிடம் வந்து சேர்ந்தார்கள். சாய்க்கக்கூடிய, பட்டி போட்ட, காலடியில் ஒரு பலகை வைத்த மேசை. ஆஸ்பத்திரியிலிருந்து வரும் கடிதத்தில் அதை ‘டில்ட் டேபிள் டெஸ்ட்’ என்று எழுதுவார்கள். நான் இங்கே சாய்மேசை என்று சொல்கிறேன். மிகவும் எளிமையான சாதனம்தான். ஆனால் அது நோயாளிகளிடம் வந்து சேர எடுத்த காலம் என்னைக் கொஞ்சம் கோபப்படுத்துகிறது. ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

முதலில் உடம்பின் கணக்கு. படுத்திருக்கும்போது இருதயமும் மூளையும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. இரத்தத்துக்கு ஏற்றம் இல்லை. எழுந்து நின்றதும், அரை லீட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் நெஞ்சிலிருந்து வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. மூளை இருப்பதோ உச்சியில். கழுத்து நாடியிலும் இருதயத்தை ஒட்டிய பெருநாடியிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அழுத்தம் குறைகிறது என்று அவை தகவல் அனுப்பியதும் இருதயம் சற்று வேகமாக அடிக்கும். இரத்தக் குழாய்கள் சுருங்கும். நடந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு அடியிலும் கெண்டைக்கால் தசைகள் நாளங்களைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளும். அசையாமல் நின்றால் அந்தப் பிழிதல் இல்லை. அதோடு வெயிலும் சேர்ந்தால் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து, இருக்கிற இரத்தத்திலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். காவற்படை வீரர்கள் சப்பாத்துக்குள்ளே கால்விரல்களை அசைத்துக்கொண்டு நிற்பது இதற்காகத்தான்.

எங்கள் வீடுகளில் இதற்கு வேறு விளக்கங்கள் உண்டு. கோயிலில் பூசை நேரத்தில் ஒரு பிள்ளை விழுந்தால், “காலையில் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள்” என்பார்கள். “கண்ணூறு” என்பார்கள். பாடசாலை ஒன்றுகூடலில் விழுந்தால், சோதனைக்குப் பயந்து நடிக்கிறாள் என்று சொல்ல ஒருவர் இருப்பார். சாப்பிடாததும் தண்ணீர் குடிக்காததும் காரணங்களில் சேரும் என்பதால் முதல் விளக்கத்தை நான் முழுதாகத் தள்ள மாட்டேன். ஆனால் அதோடு கேள்வி முடிந்துவிடுகிறது என்பதுதான் சிக்கல்.

மொழியும் கொஞ்சம் குழப்புகிறது. தமிழில் தலைசுற்றினாலும் மயக்கம், நினைவிழந்து விழுந்தாலும் மயக்கம், குடித்தாலும் மயக்கம், காதலித்தாலும் மயக்கம். தமிழ்ப் பள்ளியில் ல, ள, ழ ஆகியவற்றை மயங்கொலி என்று படித்திருப்பீர்களே, ஒன்றை மற்றதாகக் கேட்டுவிடக்கூடிய ஒலிகள். மயங்கி விழும் நோய்களும் அப்படித்தான். இருதயம் நின்று விழுந்தாலும், வலிப்பு வந்து விழுந்தாலும், இரத்த அழுத்தம் இறங்கி விழுந்தாலும், பக்கத்தில் நிற்பவர் காண்பது ஒன்றைத்தான்: ஒருவர் விழுந்தார். வைத்தியரிடம் போகும்போது அவர் எழுந்து நன்றாக உட்கார்ந்திருப்பார். இரத்தப் பரிசோதனை சரி, ஈசிஜி சரி. எப்போதும் நேற்று நடந்து முடிந்துவிடுகிற நோய் இது.

பழைய வைத்தியர்களுக்கு ஒரு வசதி இருந்தது. அவர்கள் கண்ணெதிரே ஆட்கள் மயங்கினார்கள், ஏனென்றால் அந்தக் காலத்தில் எல்லா நோய்க்கும் இரத்தம் எடுத்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் லண்டனின் பெயர்பெற்ற சத்திரசிகிச்சையாளர் ஜோன் ஹண்டர் ஒரு பெண்ணின் கை நாளத்திலிருந்து இரத்தம் எடுத்தபோது அவர் மயங்கிவிட்டார். அந்த நேரத்தில் வெளியே வந்த இரத்தம் கருஞ்சிவப்பாக இல்லாமல் பளிச்சென்ற சிவப்பாக இருந்ததை ஹண்டர் கவனித்து எழுதிவைத்தார். நாளத்து இரத்தம் அப்படி இருக்கக்கூடாது. அது ஒட்சிசனைத் தசைகளுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பும் இரத்தம். ஏன் அப்படி வந்தது என்று விளங்கிக்கொள்ள ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இந்தச் சிவப்பை மறக்காமல் வைத்திருங்கள்.

1826இல் பாரிஸில் பியர் பியோரி என்ற வைத்தியர், இரத்த ஓட்டத்தில் புவியீர்ப்பு என்ன செய்கிறது என்று ஆராய்ந்து எழுதினார். மயங்குகிறவரைக் கிடத்தினால் அவர் தெளிகிறார் என்பது அதன் சாரம். இரண்டு நூற்றாண்டு ஆகியும் இது எங்கள் கலியாண மண்டபங்களுக்கு வந்து சேரவில்லை. மயங்கியவரை நாலு பேர் சேர்ந்து தூக்கிக் கதிரையில் இருத்தி, தலை சாயாமல் பிடித்துக்கொண்டு, முகத்தில் தண்ணீர் அடிக்கிறார்கள். பாவம், அந்த மூளைக்கு இரத்தம் போய்ச் சேரும் ஒரே வழி, கீழே கிடப்பது. அதைத்தான் தடுக்கிறோம்.

ஆட்களைப் பலகையில் கிடத்தி, இரத்தம் எங்கே போகிறது என்று பார்க்கும் எண்ணம் 1880களில் இத்தாலியில் ஒருவருக்கு வந்தது. தூரின் நகரத்து அஞ்சலோ மொசோ, தராசுபோல் நடுவில் தாங்கிய ஒரு மேசை செய்தார். ஆளை அதில் படுக்கவைத்து, தலைப்பக்கமும் கால்பக்கமும் சமனாகும்படி சரிசெய்வார். பிறகு ஒரு கணக்குச் செய்யச் சொல்லுவார். யோசிக்கும்போது மூளைக்கு இரத்தம் கூடுதலாகப் போய்த் தலைப்பக்கம் தாழ்கிறது என்பது அவர் கண்டதாகச் சொன்னது. சாய்மேசைக்கு அது நேரான மூதாதை இல்லை, ஒன்றுவிட்ட பாட்டன் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

நேரான மூதாதை லண்டனில் இருந்த லெனார்ட் ஹில்லின் பலகை. 1895இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், விலங்குகளைப் பலகையில் கட்டித் தலை மேலாகவும் கால் கீழாகவும் நிமிர்த்தி அழுத்தத்தை அளந்திருந்தார். கூண்டில் வளர்ந்த, வயிற்றுத் தசை தளர்ந்த முயல்கள் அப்படி நிமிர்த்தி வைத்தால் செத்தே போயின. வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் தாக்குப்பிடித்தன. இரத்தம் தேங்கும் பெரிய குளம் கால்களில் மட்டும் இல்லை, வயிற்றிலும் இருக்கிறது என்பது அதிலிருந்து விளங்கியது. இன்றைக்கும் எழுந்து நிற்க முடியாமல் தவிக்கும் சிலருக்கு வைத்தியர்கள் வயிற்றுப் பட்டி அணியச் சொல்கிறார்கள். அந்த முயல்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

மயக்கத்துக்கு இன்று வழங்கும் பெயரை நிலைநிறுத்தியவர் லண்டன் இருதய வைத்தியர் சேர் தோமஸ் லூயிஸ். 1932இல் அவர் எழுதிய கட்டுரையில் வரும் பெயர் ‘வேசோவேகல்’. ‘வேசோ’ என்றால் இரத்தக் குழாய். ‘வேகல்’ என்பது வேகஸ் நரம்பு, மூளையடியிலிருந்து வயிறுவரை அலைந்து திரிவதால் இலத்தீனில் அலைபவன் என்று பெயர் பெற்ற நரம்பு. அது இருதயத்தை மெதுவாக்கும். சொல்லை அவருக்கு முன்பே வில்லியம் கோவர்ஸ் 1907இல் பயன்படுத்தியிருந்தார். லூயிஸ் செய்தது அதன் இரண்டு பாதியையும் பிரித்துப் பார்த்தது. மயங்கியவருக்கு அட்ரோபின் மருந்தை ஏற்றி வேகஸ் நரம்பின் பிடியை அவர் விடுவித்தார். நாடித்துடிப்பு கூடியது. ஆனால் அழுத்தம் ஏறவில்லை, ஆளும் வெளிறியபடியே கிடந்தார். அப்படியானால் இருதயம் மெதுவாவது கதையின் பாதிதான். குழாய்களிலும் ஏதோ நடக்கிறது.

என்ன நடக்கிறது என்று காட்டியது போர்க்காலம். 1944இல் ஹென்றி பார்க்ரொப்டும் அவருடைய கூட்டாளிகளும் தொண்டர்களிடமிருந்து மயங்கும்வரை இரத்தம் எடுத்து, அதே நேரத்தில் முன்னங்கையில் ஓடும் இரத்தத்தை அளந்தார்கள். மயங்கும் கணத்தில் அந்த ஓட்டம் குறையும் என்றுதான் யாரும் நினைப்போம். அது கூடியது. தசைகளின் இரத்தக் குழாய்கள் சுருங்க வேண்டிய நேரத்தில் திறந்துகொண்டன. இப்போது ஹண்டரின் பளிச்சென்ற சிவப்புக்குப் பொருள் புரிகிறதா? திறந்த குழாய்களின் வழியே இரத்தம் பாய்ந்து போய்விடுகிறது, ஒட்சிசனைக் கொடுக்க அதற்கு நேரமே கிடைப்பதில்லை.

இதே காலத்தில் சாய்மேசை ஆய்வுகூடங்களுக்குள் வந்துவிட்டது. 1948இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நல்ல சுகதேகிகளான நான்கு இளைஞர்களின் இடுப்பையும் கால்களையும் சாந்துக்கட்டுக்குள் வைத்து ஆறேழு வாரம் படுக்கையில் கிடத்தினார்கள். பிறகு சாய்மேசையில் நிமிர்த்தினால் அவர்களால் முன்புபோல் தாக்குப்பிடிக்க முடியவில்லை. படுக்கையே ஒரு நோய் என்பதை அது காட்டியது. சத்திரசிகிச்சை முடிந்த கையோடு தாதிமார் வந்து “எழும்பி நடவுங்கோ” என்று நிற்கிறார்களே, அதற்குப் பின்னால் இப்படியான ஆய்வுகளும் இருக்கின்றன.

அடுத்தது விண்வெளி. 1963 மே மாதம் கோர்டன் கூப்பர் 34 மணித்தியாலம் பூமியைச் சுற்றிவிட்டுக் கடலில் இறங்கினார். கலத்தை விட்டு எழுந்து நின்றபோது அவருக்குத் தலை சுற்றியது, அழுத்தம் இறங்கியது. எடையற்ற இடத்தில் இரத்தம் கீழே இறங்குவதில்லை. உடம்பு அதைக் கண்டு, திரவம் கூடிவிட்டதென்று எண்ணி ஒரு பங்கை வெளியேற்றிவிடுகிறது. திரும்பி வந்தால் பற்றாக்குறை. அதன்பின் ஜெமினி பயணங்களில் போனவர்களைப் பயணத்துக்கு முன்னும் பின்னும் 70 பாகையில் 15 நிமிடம் சாய்மேசையில் நிறுத்திப் பார்த்தார்கள். பிரச்சினை இன்னும் தீர்ந்துவிடவில்லை. 2006 செப்டெம்பரில் விண்வெளியிலிருந்து திரும்பிய மறுநாள், ஹியூஸ்டனில் வரவேற்பு விழாவில் பேசிக்கொண்டிருந்த ஹைடிமேரி ஸ்டெபானிஷின்-பைப்பர் இரண்டு முறை நிலைதடுமாறிச் சாய்ந்தார். பக்கத்தில் நின்றவர்கள் தாங்கிப் பிடித்தார்கள். அவரைப் பார்த்து நடிக்கிறார் என்று யாரும் சொல்லவில்லை.

நான் சொன்ன கோபம் இங்கேதான். விமானிகளுக்கும் விண்வெளி வீரர்களுக்கும் படுக்கையில் கிடக்கச் சம்மதித்த சுகதேகிகளுக்கும் இந்த மேசை பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டது. உலகத்திலேயே உடல்வலிமை மிகுந்தவர்களை நிறுத்தி, இவர்கள் எப்போது மயங்குவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாதத்துக்கு ஒருமுறை பேருந்துத் தரிப்பிடத்தில் மயங்கி விழும் ஒரு தையற்காரியையோ ஒரு மாணவனையோ அதில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் பரவலாக யாருக்கும் வரவில்லை. அவர்களுக்கு எல்லாப் பரிசோதனையும் செய்து, ஒன்றும் அகப்படாவிட்டால் கோப்பில் ‘காரணம் தெரியாத மயக்கம்’ என்று எழுதி மூடினார்கள்.

அந்தக் கோப்பைத் திறந்தது 1986 ஜூன் மாதம் ‘லான்செட்’ இதழில் வந்த ஒரு சிறிய கட்டுரை. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆஸ்பத்திரியில் வேலை செய்த அயர்லாந்து வைத்தியர் ரோஸ் ஆன் கெனியும், ரிச்சர்ட் சட்டன் உட்பட அவருடைய சகாக்களும் எழுதியது. திரும்பத் திரும்ப மயங்கி விழுந்த 15 பேர். இருதயத்துக்குள் மின்கம்பி விட்டுப் பார்க்கும் சோதனைவரை செய்தும் அவர்களிடம் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர்களை மேசையில் பட்டி போட்டுக் கட்டி, 40 பாகைக்கு நிமிர்த்தி, 60 நிமிடம் விட்டார்கள். வேறு எதுவும் செய்யவில்லை. 15 பேரில் 10 பேர், வைத்தியர்களின் கண்ணெதிரே, ஈசிஜியும் அழுத்தமானியும் ஓடிக்கொண்டிருக்கையில், தங்கள் வழக்கமான மயக்கத்தை அடைந்தார்கள். ஒப்பிடுவதற்காக நிறுத்திய சுகதேகிகள் 10 பேரில் ஒருவர் மட்டும் மயங்கினார்.

சின்ன எண்ணிக்கைதான். ஆனால் அந்தப் பத்துப் பேரின் இடத்தில் நின்று யோசியுங்கள். இத்தனை வருடமாக அவர்கள் சொல்லிக்கொண்டிருந்ததை முதன்முறையாக மற்றவர்களும் பார்த்தார்கள். முதலில் முகம் வெளிறுகிறது, கொட்டாவி வருகிறது, வியர்க்கிறது, பிறகு அழுத்தக் கோடு வழுக்கி இறங்குகிறது, துடிப்பு மெதுவாகிறது, சிலருக்குச் சில விநாடி நின்றே விடுகிறது. மேசையைத் தாழ்த்தியதும் எல்லாம் திரும்பி வருகிறது. ஒரு தாளில் அச்சாகி வந்த சாட்சி.

பிறகு செய்முறையைச் செம்மைப்படுத்தினார்கள். எவ்வளவு சாய்வு, எவ்வளவு நேரம், காலுக்குப் பலகையா அல்லது சைக்கிளைப்போல் இருக்கையா? 1991இல் அதே குழுவினர் கொடுத்த விடை 60 பாகை, 45 நிமிடம், காலடிப் பலகை. இருக்கையில் கால்கள் தொங்கினால் சுகதேகிகளும் மயங்கிவிட்டார்கள், அதனால் அது கழிந்தது. 45 நிமிடம் ஏன் என்றால், நோயாளிகள் சராசரியாக 24 நிமிடத்தில் மயங்கினார்கள். தாமதமாக மயங்குபவர்களையும் தவறவிடாத அளவுக்கு அதை நீட்டினார்கள். இத்தாலியர்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. 20 நிமிடம் நிறுத்திவிட்டு, நாக்கின் கீழ் நைட்ரோகிளிசரின் தெளித்து, இன்னும் 15 நிமிடம் பார்க்கும் அவர்களுடைய முறை இப்போது பல நாடுகளில் வழக்கம். வெடிமருந்தில் இருக்கும் அதே பொருள்தான், நாளங்களை விரிப்பதற்காக மிகச் சிறிய அளவில். கையில் பட்டை ஊதி அளக்கும் சாதாரண முறை இந்த வேகத்துக்குப் போதாது. செக் நாட்டு யான் பெனாஸ் 1970களில் வெளியிட்ட யுக்தியில் பிறந்த விரல்பட்டை, ஒவ்வொரு துடிப்பின் அழுத்தத்தையும் தனித்தனியே பதிகிறது.

இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டால், முதலில் வலிப்பு நோயாளி என்று முத்திரை குத்தப்பட்டவர்களைச் சொல்லுவேன்.

1994இல் பெர்லினில் தோமஸ் லெம்பெர்ட்டும் சகாக்களும் 59 சுகதேகிகளை வேண்டுமென்றே மயங்கச் செய்து காணொளி எடுத்தார்கள். எப்படி மயங்க வைத்தார்கள் என்பதை நான் எழுதப்போவதில்லை. உங்களில் யாராவது ஒருவர் கட்டாயம் செய்து பார்ப்பீர்கள். முழுதாக நினைவிழந்தவர்கள் 42 பேர். அவர்களில் 90 வீதமானோருக்குக் கைகால் உதறியது. கண்கள் பெரும்பாலும் திறந்தே இருந்தன. எவருக்கும் வலிப்பு நோய் இல்லை. மூளைக்கு இரத்தம் சில விநாடி போகாவிட்டாலே உடல் உதறும். அதைக் கண்டால் எங்கள் ஆட்கள் இரும்புச் சாவியைத் தேடி ஓடுகிறார்கள். வேறு சமூகங்களில் அவசர ஊர்திக்குத் தொலைபேசி எடுத்து, வலிப்பு என்று சொல்கிறார்கள். அந்தச் சொல் கோப்பில் ஏறிவிட்டால் இலேசில் இறங்காது. மாத்திரை வரும், சாரதி அனுமதிப்பத்திரம் போகும், சில வேலைகளின் கதவு அடைபடும். 2000ஆம் ஆண்டில் வெளியான மான்செஸ்டர் ஆய்வு ஒன்றில், வலிப்பு என்று சொல்லப்பட்டும் மருந்துக்கு அடங்காமலோ சந்தேகத்துக்கிடமாகவோ இருந்த 74 பேரைச் சாய்மேசையிலும் வேறு இருதயச் சோதனைகளிலும் பார்த்தார்கள். 31 பேருக்கு வேறு காரணம் இருந்தது. மயங்கொலியைத் தவறாக எழுதினால் தமிழ் வாத்தியார் சிவப்புக் கோடு போடுவார், அவ்வளவுதான். இங்கே ஒருவருடைய வாழ்க்கைப்பாதையே மாறிவிடுகிறது.

இரண்டாவது, விழாதவர்கள். எழுந்து நின்றால் நெஞ்சு படபடக்கும், கண் இருட்டும், தலை பஞ்சாகும், கால் நடுங்கும், ஆனால் விழ மாட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், அவர்களில் நிறையப் பேர் பதின்வயதினர். அழுத்தத்தை அளந்தால் சரியாக இருக்கும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரொனால்ட் ஷொண்டோர்பும் பிலிப் லோவும் 1993இல் இதற்கு ஒரு பெயரும் ஓர் அளவும் கொடுத்தார்கள். சுருக்கமாகப் பொட்ஸ் என்கிறார்கள். நிமிர்ந்த 10 நிமிடத்துக்குள், அழுத்தம் இறங்காமலே, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 30க்கு மேல் கூடினால், அதோடு இந்த அறிகுறிகள் நீண்டகாலம் தொடர்ந்தால், அது இந்த நோய். 12 முதல் 19 வயதினருக்கு இன்று 40 என்று வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் இளவயதில் துடிப்பு இயல்பாகவே கூடுதலாக ஏறும். ‘பதற்றம்’, ‘சோம்பல்’, ‘பள்ளிக்குப் போக மனமில்லை’ என்று சொல்லப்பட்ட ஒரு பெண்ணுக்கு, படுக்கையில் 70, நின்றால் 120 என்று ஒரு தாள் கையில் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? மனதால் வருகிற பதற்றம் மேசை நிமிரும் அந்த நிமிடத்துக்காகக் காத்திருந்து வருவதில்லை. கோவிட்டுக்குப் பிறகு இந்த நிலை பலருக்கு வந்திருப்பதால், உங்கள் வகுப்பிலேயே ஒருவர் இருக்கக்கூடும்.

1995இல் பால்டிமோரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் பீற்றர் ரோவின் குழுவினர், தீராத களைப்போடு வந்த ஏழு பதின்வயதினரைச் சாய்மேசையில் நிறுத்தினார்கள். ஏழு பேருக்கும் அழுத்தம் விழுந்தது. களைப்புக்கு மருந்து கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கை எழுந்தது. 2001இல் 100 பேரை வைத்து, உடம்பில் உப்பைத் தக்கவைக்கும் மாத்திரையையும் வெறும் மாத்திரையையும் ஒப்பிட்டபோது வித்தியாசம் காணவில்லை. காரணத்தில் ஒரு நூல் கிடைப்பதும் சிகிச்சை கிடைப்பதும் ஒன்றல்ல.

இருதயத் துடிப்பூக்கி விஷயத்திலும் அப்படித்தான் ஆயிற்று. மேசையில் துடிப்பு நின்றுபோவதைக் கண்ட வைத்தியர்கள், ஒரு பேஸ்மேக்கர் வைத்தால் தீரும் என்று நினைத்தார்கள். 1999இல் ஒரு சோதனை அப்படித்தான் சொன்னது. 2003இல் வந்த இன்னொன்றில் 100 பேருக்கும் கருவியை வைத்துவிட்டு, யாருடையது வேலை செய்கிறது என்று நோயாளிக்கும் சொல்லாமல், கவனிக்கும் வைத்தியருக்கும் சொல்லாமல் பார்த்தார்கள். இரு பக்கத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை. லூயிஸ் 1932இல் அட்ரோபினால் கண்டது இதைத்தான்: துடிப்பை மட்டும் சரிசெய்தால் போதாது. எழுபது வருடம் கழித்து, நெஞ்சைக் கீறிக் கருவி வைத்து, அதே பாடத்தை மறுபடி படித்தார்கள். நாற்பது வயதைத் தாண்டிய, துடிப்பு நீண்ட நேரம் நிற்பது நிரூபிக்கப்பட்ட சிலருக்கு அது இன்றும் உதவுகிறது.

அதிகம் உதவியது செலவே இல்லாத ஒன்று. 2006இல் நெதர்லாந்து வைத்தியர்கள் முன்னின்று நடத்திய ஆய்வில் 223 பேர் பங்கெடுத்தார்கள். தலை பஞ்சாவது தெரிந்ததும் கால்களைக் குறுக்காக வைத்துத் தொடையை இறுக்குவது, அல்லது இரண்டு கைகளையும் கோத்து எதிரெதிரே இழுப்பது, இவ்வளவுதான் கற்றுக்கொடுத்தது. வழக்கமான அறிவுரை மட்டும் கேட்டவர்களில் 51 வீதம் பேர் திரும்ப மயங்கினார்கள். இதைப் பழகியவர்களில் 32 வீதம். விரல்பட்டையைப் போட்டுக்கொண்டு, இறுக்கும்போது கோடு ஏறுவதைத் தாங்களே திரையில் பார்த்துப் பழகினார்கள்.

மேசையின் சொல் வேதவாக்கு அல்ல என்பதையும் சொல்லவேண்டும். சுகதேகி அதில் மயங்கலாம், நோயாளி மயங்காமல் இறங்கலாம். அதில் காணும் மயக்கம் வெளியில் நடந்த மயக்கத்தைப்போலவே இருக்கும் என்பதும் நிச்சயமில்லை. ஆகவே இப்போது நல்ல வைத்தியர்கள் முதலில் கதையைக் கேட்கிறார்கள்: நின்றபோதா, வெயிலா, இரத்தம் கண்டா, முன்னறிவிப்பு இருந்ததா? ஓடும்போதோ விளையாடும்போதோ விழுந்தால், படுத்திருக்கும்போது நினைவிழந்தால், குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால், அந்த மயக்கத்துக்குச் சாய்மேசைக்கு முன் இருதயத்தைச் சோதிக்க வேண்டும், அதுவும் உடனே. பூசையில் விழுவதும் ஓட்டப்போட்டியில் விழுவதும் ஒன்றல்ல.

ரோஸ் ஆன் கெனி லண்டனை விட்டு நியூகாசிலுக்குப் போய், விழுகிற முதியவர்களுக்கென்றே ஒரு சிகிச்சைப் பிரிவை உருவாக்கினார். பிறகு டப்ளினுக்குத் திரும்பினார். அங்கே அவர் தொடக்கிய நீண்டகால ஆய்வில் 50 வயதைத் தாண்டிய 8000க்கும் மேற்பட்டோர் சேர்ந்திருக்கிறார்கள். ஆய்வு நிலையத்துக்கு வருபவர்களைப் படுக்கவைத்து, எழுந்து நிற்கச் சொல்லி, விரல்பட்டையால் ஒவ்வொரு துடிப்பையும் பதிகிறார்கள். சிலருக்கு இறங்கிய அழுத்தம் அரை நிமிடத்துக்குள் திரும்புகிறது, சிலருக்குத் திரும்புவதில்லை. மயங்கி விழுகிற முதியவர்கள் பலருக்குத் தாங்கள் மயங்கியதே நினைவில் இருப்பதில்லை என்பதும் இந்த வழியில் போனவர்கள் கண்டதுதான். “கால் தடக்கிப்போச்சு” என்றுதான் சொல்லுவார்கள், பொய் சொல்வதாக அவர்களுக்கே தெரியாது. உங்கள் அம்மம்மா குளியலறையில் விழுந்தார் என்று கேள்விப்பட்டால், நிலம் ஈரமா என்று கேட்பதோடு இதையும் கேளுங்கள்: “அம்மம்மா, எழும்பின உடனேயா விழுந்தனீங்கள்?”